முன்வாரைத் தோள்

இருமல் வரப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். எதிரில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் கையைக் காட்டி நிறுத்துவார். பக்கத்தில் எப்போதும் கிடக்கும் இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொள்வார். "இரு, கதவச் சாத்திக்கிறேன்" என்பார். அதற்குப் பிறகுதான் இருமுவார். தலையணையையும் மீறி உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை அதைக் கேட்டபோது, உள்ளே எங்கோ தாழ்ப்பாள் விழுந்தது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்க இல்ல கம்பவுண்டரே, இங்க" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "ஊர்ல அல்லாருக்கும் கதவு வாசல்ல கீது. எனக்கு மட்டும் நெஞ்சில வெச்சி அனுப்பிட்டாங்க. தாப்பா வெக்கத்தான் மறந்துட்டாங்க."

நான் கம்பவுண்டர் இல்லை. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் புண்களுக்குக் கட்டுப் போடுகிறவனாக இருந்தேன். மருந்து வாசனை அடிக்கிற ஆள் எவனும் ஊருக்குக் கம்பவுண்டர்தான். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பஸ்ஸில் ஏறினால் குலுங்குகிற குலுங்கலில் அவருக்கு நெஞ்சு வலி உயிர் போகும். அதனால் எங்கள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "டூட்டி முடிஞ்சதும் திருப்புலிவனம் வரைக்கும் ஒரு நடை போய் அவருக்குக் கட்டு மாத்திட்டு வாப்பா" என்றார். ஒரு நடை என்றார். அது வருடக்கணக்கில் நீண்டது. சைக்கிள் கேரியரில் டிபன் பாக்ஸை வைத்துக் கட்டிக்கொண்டு போவேன். பஞ்சு, காஜ் துணி, மஞ்சள் மருந்து, கத்திரி எல்லாம் அதற்குள்ளே இருக்கும். வழியில் பார்க்கிறவர்கள், ஏதோ விருந்துக்குப் போகிறேன் என்று கேலி பேசுவார்கள்.

அவர் சொந்த நிலத்தில் பயிர் வைத்துச் சாப்பிட்டவர். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முன்வாரைக்காரர் என்றுதான் சொல்வார்கள். சாமி புறப்பாட்டுக்கு வாகனத்தின் அடியில் நீளவாக்கில் இரண்டு முரட்டு மூங்கில்களைக் கட்டுவார்கள் இல்லையா, அதுதான் வாரை. வலது பக்கத்து வாரைக்கு முன்னால், வெளிப்புறமாக நிற்கிற இடம் அவருடையது. வாரை அவருடைய இடது தோளில் உட்காரும். அந்த இடத்தில் நிற்கிறவன் கால் எடுத்து வைக்கிறபடிதான் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் வைக்க வேண்டும். அவன் தடுமாறினால் சாமியே தடுமாறும். அவருடைய அப்பாவுக்குப் பிறகு அந்த இடம் அவருக்கு வந்தது என்று சொன்னார்கள். ஆனால் உரிமை என்று வந்ததை அவர் உரிமைக்காக மட்டும் செய்யவில்லை. சுமப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

சாமி மட்டும் என்றில்லை. சேற்றில் சிக்கிய வண்டியா, முன்வாரைக்காரரைக் கூப்பிடு. பம்புசெட்டுக்கு மோட்டார் இறக்க வேண்டுமா, அவரைக் கூப்பிடு. சாவு விழுந்தால் கூப்பிடக்கூட வேண்டாம், அவரே வந்து நிற்பார். வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்க்க மாட்டார். வரப்புத் தகராறில் வருடக்கணக்காகப் பேசாமலிருந்த பக்கத்து நிலத்துக்காரர் செத்தபோது பாடையின் முன்பக்கம் இவர்தான் நின்றாராம். போகிற வழியில் யாரோ, "உயிரோட இருந்த வரைக்கும் மூஞ்சியப் பாக்கலியே, இப்ப இன்னா தோள் குடுக்க வந்துட்டே?" என்று குத்தலாகக் கேட்டிருக்கிறார்கள். "மூஞ்சிக்கும் எனக்கும்தான் சண்டை. பொணத்துக்கும் எனக்கும் இன்னா?" என்று சொல்லிவிட்டு நடந்தாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து நிலத்துக்காரரின் மகன் சொன்னான்.

சுமை இல்லாதபோதும் அவர் கழுத்து வலது பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். வாரைக்கு இடம் விட்டு விட்டு அப்படி ஆகிப்போனது. நான் முதலில் கட்டுப் போடப் போன நாட்களில், இடது தோளில் ஒரு காய்ப்பு இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, தடித்து, தொட்டால் தோல் மாதிரியே இருக்காது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அதுக்கு மருந்து வேணாம். அது எங்கப்பா குடுத்த சொத்து" என்றார்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம் அது. அறுவடைக் களத்தில் நெல் மூட்டையை வண்டியில் ஏற்றும்போது அவருக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. நம் ஊர்களில் நெஞ்சு வலித்தால் முதல் வைத்தியம் என்ன? வாய்வு என்று சொல்லி ஒரு கோலி சோடா. அவரும் சோடா குடித்தார். ஏப்பம் வந்தது. ஏப்பம் வந்துவிட்டதே என்று மிச்ச மூட்டைகளையும் ஏற்றினார். மறுநாள் வேர்த்துக் கொட்டிச் சாய்ந்த பிறகுதான் வண்டி கட்டி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து மெட்ராஸ். அவர் மனைவியின் தம்பி அங்கே வேலையில் இருந்தார். அவர் அலைந்து திரிந்து, அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேள்விப்பட்டிராத பைபாஸ் ஆபரேஷனைச் செய்ய வைத்தார். காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து நெஞ்சில் வைத்துத் தைக்கிறார்கள் என்று கேட்டு ஊரே வாயைப் பிளந்தது.

உயிர் பிழைத்தார். ஆனால் சர்க்கரை இருந்த உடம்பு. நெஞ்செலும்பை நடுவே பிளந்து வேலையை முடித்துவிட்டுக் கம்பி போட்டுத் தைத்திருந்தார்கள். அங்கே சீழ் வைத்தது. மறுபடி திறந்து கம்பியை எடுத்தார்கள். சீழ் போயிற்று, எலும்பு சேரவில்லை. இடது பாதி ஒரு பக்கம், வலது பாதி ஒரு பக்கம். மூச்சு விட்டால் அசையும், இருமினால் இடிக்கும். மேல்தோலில் ஒரு சின்னத் துவாரம் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. ரத்தக்குழாய் எடுத்த கால் வீங்கி, கணுக்காலுக்கு மேலே ஒரு புண் ஆறாமலே நின்றுவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய வைத்தியத்தில் சிலருக்கு அப்படி ஆகிவிடும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். அந்தச் சிலரில் இவர் ஒருவர்.

மெட்ராஸில் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று. இனி ஆயுசுக்கும் எதையும் தூக்கக் கூடாது. குடம் கூடாது, மண்வெட்டி கூடாது, கையை ஊன்றி எழுந்திருக்கக்கூடக் கூடாது.

அவரைப் பார்க்க வருகிறவர்கள்மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. சாத்துக்குடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒவ்வொருவரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "மறுபொறப்பு! போன உசுர புடிச்சிக்கினு வந்துக்கீறே. இன்னா கொறை உனக்கு?" அவரும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். கேட்டவர் வாசலைத் தாண்டியதும் என்னிடம், "கொறைன்னு ஒண்ணு சொன்னா நன்றி கெட்டவனா பூடுவேன். அதனால ஒண்ணியும் இல்லன்னு சொல்லிக்கினு குந்திக்கீறேன்" என்பார்.

வருடத்துக்கு ஒரு முறை மைத்துனர் காரோடு வந்து மெட்ராஸுக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார். ஒரு தடவை போய்விட்டு வந்தவரிடம் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"தங்கமான மனுஷன். தோள்ல கை போட்டுப் பேசறாரு. பழைய நெஞ்சு வலி வருதான்னாரு. வர்லன்னேன். நடந்தா மூச்சு வாங்குதான்னாரு. இல்லன்னேன். தூக்கம் வருதான்னாரு. வருதுன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு. எல்லாத்துக்கும் நல்ல பதிலாத்தான் சொன்னேன் கம்பவுண்டரே. அவுரு கேக்காதது ஒண்ணுதான் கஷ்டமா கீது."

அது என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். காலில் கட்டுப் போட்டுவிட்டு நிமிரும்போதெல்லாம் அந்தத் தோள்தான் கண்ணில் படும். காய்ப்பு முதலில் ஓரங்களில் உரிந்தது. பிறகு கறுப்பு வெளிறியது. இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு அங்கே எல்லோருக்கும் இருப்பது மாதிரி சாதாரணமாக ஒரு தோல், கொஞ்சம் வெளுப்பாக. அவர் அதை எந்நேரமும் துண்டால் மூடி வைத்திருந்தார். வெயில் காலத்தில்கூட எடுக்க மாட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு அழுகை வேறு சுலபமாக வந்தது. தெரிந்தவர்கள் பெயர் மறந்துபோகும். பெயர் நினைவுக்கு வரவில்லையே என்று கண் கலங்கும். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளுவார். தள்ளிவிட்டோமே என்று அழுவார். அத்தனை பெரிய ஆள் அப்படி அழுவதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். அவருடைய மனைவி மட்டும் எதற்கும் அசையாமல், தட்டை மறுபடி அவர் முன்னால் நகர்த்தி வைப்பார்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெலிந்த உடம்பு, அவர் தோள் உயரம்கூட இருக்க மாட்டார். ஒரே மகளைத் தென்னேரியில் கட்டிக் கொடுத்துவிட்ட பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். படுத்திருப்பவர் கையை ஊன்றாமல் எழுந்திருக்க ஒரு முறை உண்டு. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அதை அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் தலையணையை அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் புரள வேண்டும். அக்கா குனிந்து, ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் ஒரு கையை முதுகுக்கு அடியிலும் கொடுத்து, தன் தோளை அவர் மேல் முட்டுக் கொடுத்து நிமிர்த்த வேண்டும். காலையில் ஒரு தடவை, பகல் தூக்கத்துக்குப் பிறகு ஒரு தடவை. நடுவில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் இன்னொரு தடவை. வருடக்கணக்கில் இது நடந்தது.

வாரை தூக்குகிறவர்கள் நடுவழியில் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுவதற்கு முன்வாரைக்காரர்தான் குரல் கொடுப்பார். அந்தப் பழக்கத்தில் இவர் தன்னைத் தூக்குகிற மனைவிக்கும் குரல் கொடுப்பார். "தோள் மாத்து! தோள் மாத்துடி!"

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "சாமிய தூக்கறதுக்கு ஊரே கீது, தோள் மாத்தலாம். உன்ன தூக்கறதுக்கு நான் ஒருத்திதான். யாருகிட்டய்யா மாத்தறது?" என்பார்.

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷனுக்கு அடுத்த வருடத் திருவிழாவில் ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. பாசம் மிஞ்சிப்போனால் நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். ரிஷப வாகனப் புறப்பாடு அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது சாமியை நிறுத்தினார்கள். அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, அவருடைய பழைய இடத்தில் நிற்க வைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பாரத்தை முழுக்கத் தாங்கிக்கொண்டு, வாரையின் முனையை மட்டும் மெதுவாக இறக்கி அவர் தோளில் பட்டும் படாமலும் வைத்தார்கள். "நீங்க தூக்க வேணாம் மாமா, சொம்மா தொட்டுக்கினு நில்லுங்க, அது போதும்" என்று ஒரு இளவட்டம் சொன்னான். குருக்கள் முதல் விபூதியை அவருக்குக் கொடுத்தார். மேளம் பலமாக முழங்கியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவர் சிரித்த முகமாக நின்றார். சாமி அடுத்த தெருவுக்குத் திரும்பும் வரை கைகூப்பியபடி நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் துண்டை எடுத்து அந்தத் தோளை அழுத்தி அழுத்தித் துடைத்தார். அன்றைக்குக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பின்னாலேயே உள்ளே போனேன்.

"இன்னாணா, வலிக்குதா?"

"வலிச்சா தேவலையே!" என்று கத்தினார். உடனே 'டொக்' என்றது. தலையணையைத் தேடி அணைத்துக்கொண்டார். மூச்சு அடங்கியதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தோள்ல வெச்சா கனக்கணும். கனக்காதத சாமின்னு எப்புடி நம்பறது? கொயந்தைக்கு சொப்பு குடுத்து சமைக்கச் சொல்ற மாரி பண்ணிட்டாங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சாமி வாசலுக்கு வரும்போது அவர் தூங்குவதாக அக்கா சொல்லிவிடுவார். மேளச் சத்தத்தில் தூங்குகிறவரா அவர்? ஊருக்கும் தெரியும். வாசலிலேயே தேங்காயை உடைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே இருட்டில் அவர் கால் மட்டும் மேளத்துக்குத் தகுந்தபடி அடி எடுத்து வைப்பது போல அசையும் என்று அக்கா என்னிடம் சொன்னார்.

எண்பதுகள் பாதி கடந்த ஒரு தை மாதத்தில், நான் கட்டு மாற்றப் போனபோது அக்காவின் கண்கள் மஞ்சளாக இருந்தன. "இன்னாக்கா இது?" என்றேன். கொஞ்ச நாளாகவே சோறு பிடிக்கவில்லை என்றார். கீழாநெல்லி அரைத்துக் குடிப்பதாகச் சொன்னார். உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். "நான் வந்து அங்க படுத்துக்கினா இவரை யார் தூக்கறது? நீ மொதல்ல அவருக்குக் கட்டப் போடு தம்பி" என்றார். மறுநாள் டாக்டரையே கூட்டிக்கொண்டு போனேன். காஞ்சிபுரத்துக்கு அனுப்பினோம். தென்னேரியிலிருந்து மகள் வந்து கூட இருந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

தன்னைக் கவனித்துக்கொள்ள அக்காவுக்கு நேரமே இருந்ததில்லை. ஆபரேஷன் ஆனவருக்கு வருடா வருடம் பரிசோதனை உண்டு. அவரைத் தூக்கி நிமிர்த்துகிறவருக்கு ஒரு பரிசோதனையும் கிடையாது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை.

சாவு வீட்டில் அவர் அழவில்லை. உப்பில்லாத சோற்றுக்கு அழுத மனிதர், அக்காவின் தலைமாட்டில் தலையணையை அணைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். பாடை தயாரானதும் எழுப்பிவிடச் சொன்னார். நானும் அவருடைய கூடப்பிறந்த தம்பியும் எழுப்பினோம். நேராகப் பாடைக்கு முன்பக்கம் போய் நின்று துண்டைத் தோளில் மடித்து வைத்தார்.

தம்பி பதறிப்போனார். "அண்ணா, வேணாம். நீ நடந்து வந்தா போதும். நாங்க இத்தினி பேரு இல்லியா?"

"ஊரு பொணத்தல்லாம் தூக்கினேன்டா. என் பொண்டாட்டிய நான் தூக்க வேணாமா?"

"நீ செத்துப் பூடுவே அண்ணா!"

"பூட்டா போறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். "கம்பவுண்டரே, நீ சொல்லு. நீ சொன்னா கேக்கறேன்" என்றார். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. தூக்கு என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்கிற பார்வை. ஆனால் பாடையின் பாரம் ஒருவன் தோளில் மட்டும் நிற்பதல்ல. பாதி வழியில் அவர் சாய்ந்தால் அக்காவும் கீழே விழுவார். அதைத்தான் சொன்னேன். "பாடை வேணாம்ணா. நீ விழுந்தா அக்காவும் விழும்."

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். "சரி. ஆனா கொள்ளி நான்தான் வெப்பேன். கொடமும் நான்தான் தூக்குவேன். அதுல யாரும் குறுக்க வராதீங்க" என்றார்.

ஆண் பிள்ளை இல்லாத வீடு. தம்பி மகன்தான் கொள்ளிக்குடம் உடைப்பான் என்று எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். அவனும் தலை குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றிருந்தான். இவர் சொன்னதைக் கேட்டு ஒதுங்கி நின்றான். குடம்தானே, மூன்று சுற்றுத்தானே என்று தம்பியும் ஒப்புக்கொண்டார்.

சுடுகாடு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி நடந்தார். நான் தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே போனேன். சாவு ஊர்வலத்தில் தலையணையோடு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அக்காவைச் சிதையில் கிடத்தியாயிற்று. சடங்கு செய்து வைக்கிற பெரியவர் மண்குடத்தைக் கொண்டுவந்து அவருடைய இடது தோளில் வைத்தார். இவர் இடது கையைத் தூக்கிக் குடத்தைப் பிடித்துக்கொண்டார். வலது கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டார். பெரியவர் நடக்கச் சொன்னார். அவர் நடக்கவில்லை. கழுத்தை வலது பக்கம் சாய்த்து, தோளை லேசாக ஏற்றி இறக்கிப் பார்த்தார். எத்தனையோ வருடம் அந்தத் தோளில் எது எத்தனை கனம் என்று பார்த்துப் பழகியவர்.

"இன்னாடா இது?"

குடத்தை லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"தண்ணி எங்கடா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவர்தான் குடத்தில் அடித்தண்ணீராகக் கொஞ்சம் மட்டும் ஊற்றிக் கொண்டுவந்திருந்தார். அண்ணன் நெஞ்சு தாங்காதே என்கிற பயம். "சாங்கியத்துக்குத்தானேண்ணா, கொஞ்சம் இருந்தா போதாதா?" என்றார் மெல்ல.

"ரொப்பிக்கினு வா."

"அண்ணா..."

"இத்தினி வருஷம் எனக்கு அவ ரொப்பியாந்த கொடம் ஒண்ணு கொறைஞ்சி வந்துக்கீதா? என்னையே தூக்கினாடா அவ. ஒரு நாளு, ஒரு நாளு கனக்குதுன்னு சொன்னதில்ல. அவளுக்கு நான் காலி கொடம் தூக்கறதா? போ, ரொப்பிக்கினு வா!"

நெஞ்சில் 'டொக்' என்றது. எல்லோருக்கும் கேட்டது. தம்பி அழுதுகொண்டே குடத்தை இறக்கி ஏரிக்கு ஓடினார். திரும்பி வரும்போது குடத்தின் வாயில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. இந்த முறை தோளில் வைத்ததும் அவர் உடம்பு ஒரு பக்கமாக இறங்கியது. முகம் வெளுத்தது. நான் தலையணையோடு ஒரு அடி முன்னால் போனேன். கண்ணாலேயே என்னை நிறுத்தினார். பிறகு அடி எடுத்து வைத்தார்.

அப்படி ஒரு நடையை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த வருடங்களில் எல்லாம் அவர் காலை இழுத்து இழுத்து நடந்தவர். அன்றைக்குத் தெரிந்தது சாமிக்கு முன்னால் நடக்கிற நடை. நிதானமாக, ஒரே அளவாக, பின்னால் நிறையப் பேர் அந்த அடியைப் பார்த்து வைக்கப்போகிறார்கள் என்பது போல. முதல் சுற்று முடிந்ததும் பெரியவர் கத்தி முனையால் குடத்தில் ஓட்டை போட்டார். தண்ணீர் அவர் முதுகில் வழிந்தது. இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு சத்தம் போட்டது. மேளம் அடித்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் நின்றார். உதடு அசைந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. "தோள் மாத்திக்கினேன்டி" என்றார். குடத்தைப் பின்னால் விட்டார். திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்தார்.

அதற்குப் பிறகும் அவர் சில வருடம் இருந்தார். மகள் வந்து தென்னேரிக்கு அழைத்துப் போனாள். அவளும் மருமகனும் அவரைக் குறை இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வேலை மாற்றலாகிவிட்டது. அவர் இறந்த செய்தி பிந்தித்தான் வந்தது. உடம்பைத் திருப்புலிவனத்துக்கே கொண்டுவந்தார்களாம். தோள் கொடுக்க ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார்களாம். அதைக் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது அது இல்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் கட்டு மாற்ற உட்கார்ந்தேன். பயந்தபடியே நெஞ்சில் துவாரம் வாய் திறந்து ரத்தம் கசிந்திருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடம் பாடுபட்டு மூடியதை ஒரே நாளில் திறந்துவிட்டாரே என்று திட்டிக்கொண்டே பஞ்சை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத அப்பறம் பாரு. மொதல்ல இத்த பாரு" என்று இடது தோளிலிருந்து துண்டை விலக்கினார். "என்னால திரும்பிப் பாக்க முடில. செவந்து கீதா?"

விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். பழைய காய்ப்பு இருந்த இடத்தில், வெளுத்துப்போன அந்தத் தோலில், குடத்தின் அடி அழுந்தி வட்டமாகச் சிவந்திருந்தது.

"செவந்து கீதுணா" என்றேன். "நல்லா செவந்து கீது."

அப்போதுதான் அழுதார். தலையணையைக் கேட்கவில்லை, கதவைச் சாத்திக்கொள்ளவும் இல்லை. நெஞ்சு இடிக்க இடிக்க, அக்கா செத்ததற்கு அழ வேண்டிய அழுகையை எல்லாம் அழுது முடித்தார். அந்தச் சிவப்பு மறையும் வரைக்கும் அந்தத் தோளில் அவர் துண்டு போடவில்லை.